ஏற்றத்தில் தட்டும் பலகை

புது இடத்துக்கு வந்த நாய் முதலில் மூக்கால்தான் குடிபுகும். வாசற்படி, தூண், சுவரோரம் என்று ஒவ்வொன்றையும் மோந்து, தனக்கு முன்னால் யாரெல்லாம் அங்கே இருந்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் படுக்கும். டைகரும் ஜூலியும் எதையும் மோந்து பார்க்கவில்லை. காரிலிருந்து குதித்தன, கூடத்தைக் குறுக்கே கடந்தன, பின்கட்டு நடையில் இருந்த பழைய கதவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டன.

"இப்பத்தான் மொத தடவையா வர்றோம்னு சொன்னீங்களே மாமா," என்றாள் தீபிகா.

அவள் கணவன் ஜெயப்பிரகாஷ் டிக்கியிலிருந்து நண்டுப் பையை இறக்கிக்கொண்டிருந்தான். "நாய்ங்களுக்கு எலி வாசம் அடிச்சிருக்கும். நீ ஒண்ணு."

மாமியார் செல்லாயி இருவரையும் பார்க்காமல் உள்ளே போனாள். சுவிட்சைத் தேடாமல் சமையலறை விளக்கைப் போட்டாள்.

உப்பனாற்றின் கரையில், கடலூர் பழைய துறைமுகத்தைக் கொஞ்சம் தாண்டி இருந்தது அந்த வீடு. இருநூறு வருஷத்துக்கு முன்பு துணி வியாபாரிகள் சரக்கு வைக்கக் கட்டிய கிட்டங்கி. இப்போது ஏசியும் ஊஞ்சலும் மாட்டி விடுமுறை வீடாக்கியிருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் சிதம்பரத்தை விட்டு அவளை அவன் வெளியே அழைத்து வந்தது இதுதான் முதல் முறை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாரமாக அவளுக்குத் தூக்கம்கூடச் சரியாக இல்லை. ஒரு பொய்யால் அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஆனாலும் ஏன் பொய் சொன்னான்?

நாய்கள் அவனுடைய அண்ணன் சபாபதி வளர்த்தவை. தேவனாம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன படகு கவிழ்ந்து சபாபதி போய் மூன்று வருஷமாகிறது, உடல் கிடைக்கவில்லை என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

ஐந்தரை மணிக்கு, வெளிச்சம் ஆற்றின் மேல் மஞ்சளாகப் படுத்திருந்தபோது, அந்தச் சத்தம் கேட்டது. காலுக்குக் கீழிருந்து வந்தது.

டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், ஈர மரம் கல்லில் மோதும் டொக்.

தீபிகாவுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. அவள் அப்பா கீரப்பாளையம் பக்கம் வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொண்ட லஸ்கர். முறைத் தண்ணீர் திறக்கும் நாட்களில் அவளும் கூடவே போவாள். இந்தக் கிட்டங்கிக்கு அடியில் அந்தக் காலத்தில் படகுகள் நுழைந்து துணிப்பொதி ஏற்றியிருக்கும். நுழையும் வாயில் ஒரு பலகை தொங்கும். கீல் மேலே, ஆற்றுப் பக்கம். கடல் ஏறினால் ஆற்றுத் தண்ணீர் பலகையை அழுத்தி வாயை மூடிவிடும். கடல் வற்றினால் உள்ளே தேங்கிய தண்ணீர் அதைத் தள்ளித் திறந்து வெளியே ஓடும். ஆள் வேண்டாம், கயிறு வேண்டாம். வற்றும்போது பலகை லேசாக ஆடித் தட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

"இன்ஜினியரம்மா," என்றான் ஜெயப்பிரகாஷ், நண்டு ஓட்டை உடைத்தபடி. "அது என்னான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாயேன். ராத்திரி பூரா தட்டிச்சின்னா எங்க தூங்குறது?"

"நீங்க வரமாட்டீங்களா? ஆம்பள சிங்கம்."

"கையெல்லாம் நண்டு. உனக்குத்தான் இருட்டுன்னா பயமே கெடையாதே."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்ததும் நாய்கள் அவளை முந்திக்கொண்டு இறங்கின.

படிகள் அகலமாக, பாசி வழுக்கலாக இருந்தன. சேறும் வவ்வால் எச்சமும் ஊறிப்போன வலையும் சேர்ந்த வாடை இறங்க இறங்கக் கனத்தது, மேலே ஓடிய மிக்ஸியின் சத்தம் ஒவ்வொரு படிக்கும் மெலிந்து, கடைசியில் சொட்டும் தண்ணீர் மட்டும் காதில் தங்கியது. செல்போன் வெளிச்சத்தில் சுவரோரம் இரண்டு அலுமினியத் தட்டுகள் தெரிந்தன. நாய்த் தட்டுகள். அவற்றுக்கு மேலே சுண்ணாம்பில் பெயிண்டால் எழுதியிருந்தது: வாட்ச்மேன் சபாபதி. கீழே ஒரு போன் நம்பர்.

கடல் இல்லை. படகு இல்லை. அவன் இங்கேதான் வேலை பார்த்திருக்கிறான்.

டொக்.

வெளிச்சத்தைத் தண்ணீரின் மேல் திருப்பினாள். கருப்பாகக் கிடந்தது. அதன் மறுகரையில் பலகை. அதன் விளிம்புகள் வழியாக ஆற்றுத் தண்ணீர் உள்ளே பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே.

அப்படியானால் வெளியேதான் தண்ணீர் உயரம். இன்று பௌர்ணமி, பெரிய ஏற்றம். கடல் வற்றவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறும்போது முழு ஆறும் அந்தப் பலகையைக் கல்லோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். ஆடவே ஆடாது. தட்ட வேண்டுமென்றால் அவ்வளவு தண்ணீரையும் எதிர்த்து யாராவது தள்ளித் திறந்து, பிறகு கையை விட வேண்டும். வெளியிலிருந்து தள்ளினால் பலகை இன்னும் இறுகத்தான் செய்யும். உள்ளேயிருந்து தள்ள வேண்டும்.

இந்தப் பக்கமிருந்து.

அவள் நிற்கும் பக்கமிருந்து.

திரும்பி ஏறினாள். நான்கு படி, ஐந்து படி. மேலே வெளிச்சம் ஒடுங்கி மறைந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

"மாமா!" கதவை அடித்தாள். "மாமா, வெளையாடாதீங்க! கதவத் தொறங்க!"

வந்தது செல்லாயியின் குரல். கதவுக்கு மிக அருகில், உட்கார்ந்த உயரத்திலிருந்து.

"பயப்படாதம்மா தீபி. அவன் ஒண்ணும் பண்ணமாட்டான். சின்ன வயசுலேர்ந்தே தனியா படுக்கமாட்டான், அதான். மூணு வருசமா தட்டிகிட்டுக் கெடக்குறான். பெத்த வயிறு கேக்குமா?"

"அத்தே... தொறங்க அத்தே..."

"ஊருல எந்தப் பொண்ணும்மா இருட்டுல தண்ணிகிட்ட தனியா எறங்கும்?"

தீபிகாவின் கை கதவில் நின்றுபோனது. பெண் பார்க்க வந்த அன்று, நகை எவ்வளவு என்று கேட்காமல், படிப்பு என்ன என்று கேட்காமல், ராத்திரியில் தனியாக மதகடிக்குப் போவியா என்று கேட்டவன் ஜெயப்பிரகாஷ் ஒருவன்தான். பத்து வயசிலிருந்து போறேன் என்று சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. அந்த முகத்துக்காகத்தான் சரியென்றாள். இரண்டு வருஷமாக அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

"மாமா, நீங்க பேசுங்க. ஒரு வார்த்த பேசுங்க."

கதவுக்கு அப்பால் அவன் மூச்சு கேட்டது. அழுகிறானோ என்னவோ. கால்கள் மெதுவாக விலகிப் போயின. குழாய் திறந்தது. நண்டைக் கழுவுகிறான்.

அப்போதுதான் கவனித்தாள்.

தட்டும் சத்தம் நின்றிருந்தது.

தண்ணீர் ஒரு படி ஏறியிருந்தது. நாய்கள் குரைக்கவில்லை. கீழே, வெளிச்சம் எட்டாத இடத்தில், வால்கள் கல்லில் அடித்துக்கொண்டிருந்தன. சந்தோஷமாக. பிறகு நகங்களின் சத்தம். மேலே வருகின்றன. மெதுவாக, யாருடைய நடைக்கோ ஈடு கொடுத்து.

செல்போனை நீட்டினாள்.

டைகர் இடது ஓரமாக, ஜூலி வலது ஓரமாக ஏறி வந்தன. நடுவில் யாரும் இல்லை. படியில் தண்ணீர் மட்டும் சொட்டியது. இரண்டும் அவளுக்கு ஒரு படி கீழே நின்று, நடுவிலிருந்த வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்தன. டைகரின் தலைமயிர் அழுந்தியது. ஐந்து தடங்கள். நெற்றியிலிருந்து கழுத்துவரை நிதானமாக வழிந்தன. பிறகு ஜூலியின் தலை. அது கண்ணை மூடிக்கொண்டது, சுகமாக.

பிறகு அந்த ஐந்து தடங்கள் ஜூலியை விட்டு எழுந்தன.

தீபிகா கதவோடு ஒட்டிக்கொண்டாள். அவளுடைய உச்சந்தலை ஈரமாயிற்று. ஒரு கனம் அமர்ந்தது. சில்லென்று. ஒவ்வொரு விரலாக.

தடவத் தொடங்கியது.