கல்லைப் போட்டது யார்?

மகளின் நச்சரிப்பு தாங்காமல்தான் அப்பா அவளை ஊர்வனப் பூங்காவுக்கு அழைத்து வந்தார். அவளுக்கு முதலை என்றால் உயிர். முதலை அசையாமல் கிடப்பது சோம்பலால் அல்ல, வெயிலை உடம்பில் ஏற்றிக்கொள்ளத்தான் என்று வழிகாட்டிப் பெண் விளக்கினாள். அழிந்துகொண்டிருந்த இனத்தை இங்கே முட்டையிலிருந்து வளர்த்து ஆற்றில் விடுகிறார்களாம். மகள் வாய் பிளந்து கேட்டாள். அப்பாவுக்குக் கொட்டாவி வந்தது.

கூட்டம் நகர்ந்த பிறகும் இருவரும் கடைசிக் குளத்தருகே நின்றார்கள். அடர்ந்த மரங்களால் பட்டப்பகலிலேயே அங்கே மங்கலாக இருந்தது. கரையில் ஒரு கிழட்டு முதலை ஆடாமல் அசையாமல் கிடந்தது.

"பொம்மையை வச்சு ஏமாத்துறாங்க" என்று சிரித்தபடி அப்பா ஒரு கல்லை எடுத்து வீசினார். பொத்தென்று அதன் தலையில் விழுந்தது.

ஒரு கண் திறந்தது.

சத்தம் கேட்டு வழிகாட்டி ஓடி வந்தாள். யார் கல்லைப் போட்டது என்று கேட்டாள்.

அப்பா யோசிக்கக்கூட இல்லை. "பாப்பா தெரியாம போட்டுட்டா."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

வழிகாட்டி சிறுமியிடம் குனிந்தாள். "இனிமே போடாதம்மா. இங்க இருந்த முதலை கல்லடி பட்டுத்தான் செத்துப்போச்சு. அப்புறம் இந்தக் குளத்துல நாங்க எதையும் விடலை."

கரை வெறுமையாக இருந்தது.

அப்பா மகளின் கையைப் பிடிக்கப் போனார். அவள் இழுத்துக்கொண்டாள். வண்டி நிறுத்துமிடம் வரை முன்னாலேயே நடந்தாள். பின்னால் எதையோ தரையோடு இழுப்பதுபோல் ஒரு சரசரப்பு விடாமல் கேட்டது. பாசி நாற்றமும் அழுகிய மீன் வாடையும் மூக்கைத் துளைத்தன.

திரும்பிப் பார்த்தார்.

காய்ந்த சிமெண்ட் தரையில் அகலமான ஈரத்தடம் ஒன்று, இருபுறமும் நகக்கீறலோடு, தானாக நீண்டு வந்தது. அவரைத் தாண்டி மகள் பக்கம் வளைந்தது.

அவர் சொன்னதை அது நம்பிவிட்டது.

மகளின் செருப்பு நுனியில் தடம் நின்றது. அவள் கார்க் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"அப்பாதாம்மா தப்பு பண்ணேன்" என்று முணுமுணுத்தார்.

"என்கிட்ட சொல்லாதீங்கப்பா." அவள் தடத்தைக் காட்டினாள். "அதுகிட்ட சொல்லுங்க."

சுற்றிலும் குடும்பங்கள் வண்டி ஏறிக்கொண்டிருந்தன. அத்தனை பேரும் பார்க்க, மானம் கப்பலேற, வெறுந்தரைக்கு முன் மண்டியிட்டு உரக்கச் சொன்னார்.

"கல்லைப் போட்டது நான். என் பொண்ணு இல்லை."

தடம் மெதுவாகத் திரும்பியது.

மகளைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, தானும் ஏறிக் கதவைச் சாத்தினார்.

அவருக்குப் பின்னால், காலி இருக்கை மெல்ல அமுங்கியது.