வலது கன்னம்

முன்னால் நின்ற டிரெய்லரில் ஆளில்லை, இன்ஜினும் ஓடவில்லை. ஆனாலும் அதன் பின்விளக்குகளில் ஒன்று மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

வரதன் அதைப் பார்க்காமலிருக்க முயன்றான். எண்ணூர் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகளின் வரிசை மத்தியானத்திலிருந்து நகரவேயில்லை. இப்போது இருட்டிவிட்டது. கடல் பக்கத்து உப்புக் காற்றும் தொழிற்சாலைப் பக்கத்துக் கந்தக நெடியும் மாறி மாறிக் கேபினுக்குள் வந்துபோக, கன்னத்தை மறைத்துக் கட்டிய துண்டுக்கடியில், காலையில் டாக்டரம்மா ஒட்டிவிட்ட பேட்ச் பூனை நாக்குபோல் சொரசொரவென்று உறுத்திக்கொண்டேயிருந்தது.

பேட்ச் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். அவை மருந்தைத் தோலுக்குள் இறக்கும். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சிவப்பு விளக்கைக் காட்டினால்தான் அந்த மருந்து விழித்துக்கொண்டு புற்றைத் தின்னும். அதுவரை வேறு வெளிச்சம் படக்கூடாது என்று அவர் சொன்னபோது வரதன் தலையாட்டினான். லோடு இருப்பதைச் சொல்லவில்லை. முதலாளியிடம் லீவும் கேட்கவில்லை. கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். ஜன்னலோர வெயிலில் வருஷக்கணக்காக வெந்த கன்னத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு நாக்குக் கூசியது.

போன் அடித்தது. மனைவி கன்னியம்மா.

"லைட்டு வெச்சாங்களா?"

"வெச்சாச்சு."

"அப்ப துண்ட அவுத்துட்டு வூட்டுக்கு வா. எங்ககிட்ட இன்னாத்துக்கு மூஞ்ச மூடிக்கினு கீற?"

அவன் போனை வைத்துவிட்டான். சொன்னது பொய். இன்றைய வெளிச்சம் தவறினால் மருந்து வீண். கன்னமும்தான்.

ஆஸ்பத்திரி விளக்கும் சிவப்பு, இதுவும் சிவப்பு.

இறங்கினான். துண்டை அவிழ்த்தான். பேட்ச்சைப் பிய்த்தெறிந்துவிட்டு, குனிந்து கன்னத்தை அந்தப் பின்விளக்கின் கண்ணாடியோடு ஒட்டி வைத்தான். இதமான சூடு. பிறகு குறுகுறுப்பு. தோலுக்கடியில் ஏதோ புரண்டு படுத்தது. கண்ணாடி துடித்தது. இல்லை. துடித்தது கன்னம்.

"இன்னா மாமு, வண்டிக்கு முத்தம் குடுக்கிறியா?"

பின்வண்டி டிரைவர் ரஷீது, கையில் டீ கிளாஸோடு நின்றான். வரதன் முகத்தைத் திருப்பவில்லை.

"லைட்டு பாக்குறேன்."

"எந்த லைட்டு? அந்த வண்டி பேட்டரிய மெக்கானிக்கு மத்தியானமே கழட்டினு பூட்டான். இங்க திரும்பு நைனா. மூஞ்சில இன்னா கீது?"

கன்னத்தடியில் கண்ணாடி சில்லிட்டது. விளக்கு அணைந்திருந்தது.

வரதன் திரும்பினான்.

ரஷீதின் கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. அவன் முகம் முழுக்கச் சிவப்பு. சாலைப் புழுதியில் சிவப்பு. டயர்களில் சிவப்பு.

வரதன் கன்னத்தைத் துண்டால் மூடினான். வெளிச்சம் துணியை ஊடுருவி வந்தது. இரண்டு கைகளாலும் பொத்தினான். விரல்களின் சதை விளக்குக் கண்ணாடியாகி, உள்ளே எலும்புகள் கறுப்பாகத் தெரிந்தன.

வரிசை நெடுகக் கேபின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டிரைவர்கள் இறங்கினார்கள். கடைசி வண்டிவரை, ஒவ்வொரு முகத்திலும் அவன் கன்னத்தின் வெளிச்சம்.