பெரட்டில் கடைசிப் பேர்

நிரோஷா தங்க வந்த வீட்டில் அவளையும் சேர்த்து ஆட்கள் மூன்று பேர். வாசற்படியில் பூட்ஸ் நான்கு ஜோடி. நான்காவது ஜோடி காய்ந்து அவள் பார்த்ததில்லை. வெயில் கொளுத்துகிற நாளிலும் அதன் அடியிலிருந்து செம்மண் நீர் கசிந்து சிமெண்டில் பரவும், கிட்டே போனால் அழுகின ரப்பர் ஒட்டுப்பாலின் வீச்சம் மூக்கைப் பிடிக்கும்.

"ஆரிட பூட்ஸ் அன்ரி இது?"

"எம்பொண்ணு ரதியோடது" என்றாள் வீட்டுக்காரி பஞ்சாலை.

"அவவை நான் காணவே இல்லையே?"

"வேலக்காட்டுல இருக்கா லா. பாப்ப."

யாழ்ப்பாணத்திலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்க வந்தவள் நிரோஷா. சிரம்பானுக்கு உள்ளே தள்ளிக் கிடக்கிற இந்த ரப்பர் தோட்டத்தில் பயிற்சியை முடித்துவிட்டால் பட்டம். பட்டத்தோடு அம்மாவிடம் போய்விடலாம். தங்க இடத்துக்குத் தவித்தவளைப் பஞ்சாலைதான் வலியக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். ரதியின் கட்டிலையே கொடுத்தாள்.

"அப்ப ரதி அக்கா எங்க படுப்பா?"

"அவளுக்கென்ன, ஒரு எடம் கெடைக்காமலா போயிரும்?" பஞ்சாலை சிரித்தாள்.

பஞ்சாலையின் புருஷன் தர்மராஜ்தான் அங்கே மண்டோர், ஆட்களை மேய்க்கிற கங்காணி. விடியுமுன்னே, லாரிப் புகையும் கொசுவத்தி மணமும் தவளைச் சத்தமும் ஒன்றாய்க் குழைந்து கிடக்கிற திடலில், நெற்றி விளக்கோடு நிற்கிற ஆட்களை ஒவ்வொருவராய் அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. பதில் கொடுத்தவர்களுக்குத்தான் அன்றைக்கு வேலை.

பயிற்சி தொடங்கின அன்று முதல் பெரட்டுக்கு நிரோஷா போனாள். தன் பேருக்குப் பதில் சொன்னாள். எல்லாரும் கிளம்புவார்கள் என்று பார்த்தால், ஒருவரும் அசையவில்லை.

"ரதி" என்றார் தர்மராஜ்.

பதில் இல்லை. விளக்குகள் எல்லாம் தரையைப் பார்த்தன. பெற்ற மகளே பிந்திவிட்டாள், இத்தனை பேருக்கு முன்னால் அந்த மனுஷன் அவமானப்பட்டு நிற்கிறார் என்று அவளுக்குப் பாவமாயிருந்தது. வகுப்புக்கு வராத கூட்டாளிகளுக்காக எத்தனையோ முறை குரல் கொடுத்த வாய் அது. தானாகத் திறந்தது.

"இருக்கிறன்!"

தவளைகள் நின்றன.

எல்லா விளக்கும் அவள் முகத்தில் விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக அணைந்தது.

"யாரும்மா அது? நீயா?" தர்மராஜ் கிட்டே வந்தார்.

"ரதி அக்கா இப்ப வந்திடுவா எண்டு நினைச்சு…"

"அவ போன வருசம் வெள்ளத்துல போயிட்டாம்மா. பொணங்கூடக் கெடைக்கல. தெனம் தன் பேரு கேட்டுக்கிட்டிருக்குற வரைக்கும் அவ பால்மர நெரையிலயே நிப்பா, வீட்டுக்கு வரமாட்டா. அதான் கூப்பிடுறோம். ஆனா யாரும் வாயத் தெறக்க மாட்டோம். எவ பதில் குடுக்குறாளோ அவ எடத்துக்கு இவ வந்துருவா, இவ எடத்துக்கு அவ போயிருவா. பஞ்சாலை ஒங்கிட்ட சொல்லலையா?"

"இல்லை."

"சொல்லியிருக்க மாட்டா" என்றார்.

நிரோஷா ஓடினாள். பெரிய ரோடு, பஸ், கோலாலம்பூர், பிளேன், அம்மா. ஓட ஓடப் பால்மரங்கள். எந்தப் பாதையில் திரும்பினாலும் அதே நிரை, அதே சரிந்த ஆற்றங்கரை, கோப்பைகளில் சொட்டுச் சொட்டாய் அதே பால். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஆளை மறித்துக் கத்தினாள். அவன் குளிர்ந்தவன்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

பொழுது சாயும்போது எப்படியோ வீடு வந்தது. படியில் பூட்ஸ் மூன்று ஜோடிதான். ஈர ஜோடியைக் காணோம்.

உள்ளே சிமெண்டில் காலடித் தடம். செம்மண் நீர். அடுக்களை வரைக்கும்.

மூன்று தட்டில் சோறு. நிரோஷாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். முடியிலிருந்து நீர் சொட்டியது. பஞ்சாலை அந்தத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருந்தவள் கையில் நிரோஷாவின் கைப்பேசி. அதில் அம்மாவின் குரல்.

"குரல் ஏன் பிள்ளை அடைச்சுக் கிடக்கு?"

"மழையில நனஞ்சிட்டேம்மா."

"பேச்சைப் பார்! மலேசியாக்காரியாவே மாறிட்டாய்!" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா! அது நான் இல்லை அம்மா! நான் இஞ்ச நிக்கிறன்!"

அம்மா சிரித்துக்கொண்டேயிருந்தாள். பஞ்சாலை மட்டும் எழுந்துவந்து, குளிர் காற்று வருகிறதென்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் பெரட்டு. விளக்குகள். புகை. தவளை.

"நிரோஷா."

"இருக்கேன்." ஈர முடி. நிரோஷாவின் சட்டை. தர்மராஜ் தலை நிமிரவில்லை.

எல்லாப் பேரும் முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. கடைசியாக அவர் வாய் திறந்தார்.

"ரதி."

"இருக்கிறன்! ஐயா, நான் இருக்கிறன்! இஞ்ச பாருங்கோ!"

விளக்குகள் தரையைப் பார்த்தன. அவளும் குனிந்து பார்த்தாள். காலில் அந்தப் பூட்ஸ். அதற்குள் செம்மண் நீர் கணுக்காலுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.