பதினேழாவது டேக்

மெட்டு முடிந்துவிட்டது. அதுதான் முதல் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மழை பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. அவன் சமையலறையில் அடிப்பிடித்த பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கூடத்தில் மகள் தலையணையைக் கட்டிப்பிடித்துப் படுத்தபடி வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக இந்த வீட்டில் ஓடுகிற அதே முனகல்தான்: மெல்ல ஏறும், ஏறின இடத்தில் கொஞ்சம் தயங்கும், சறுக்கி இறங்கும், கடைசி ஸ்வரத்துக்கு ஒரு படி முன்னால் அப்படியே நின்றுவிடும். அவன் மனைவி ஒருநாளும் அதை முடித்ததில்லை. முடிப்பதற்குள் குழந்தை தூங்கியிருக்கும், அப்புறம் யாருக்குப் பாடுவது? இன்றைக்கு அந்தக் கடைசி ஸ்வரம் வந்தது. பெட்டி மூடுவதுபோல் வந்து உட்கார்ந்தது.

அவன் கையில் இருந்த தேய்க்கிற நார் நின்றது.

மனைவி இறந்துபோனபோது மகளுக்கு மூன்று வயது. அந்த வயதில் மூளை எதையும் பத்திரப்படுத்துவதில்லை. முகம், குரல், சண்டை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். மகளுக்கு மிஞ்சியது வார்த்தையே இல்லாத அந்த மெட்டு மட்டும். ஆனால் அது தனியாக வராது. முனகினால் பின்னாலேயே ஒரு கை வரும். "அம்மா கை சில்லுன்னு ஈரமா இருக்கும்பா, சோப்பு வாசனை அடிக்கும்" என்பாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் தூங்கினாள்.

அவன் ஓர் இசையமைப்பாளர். இதை அவனைத் தவிர வேறு யாரும் சொன்னது கிடையாது. ஒரு டியூஷன் மையத்தில் பாடங்களுக்கு மெட்டுப் போடுவது அவன் வேலை. அங்கே அவனுக்கு 'ட்யூன் சார்' என்று பெயர். அவனுடைய ஆகப் பெரிய வெற்றி ஜீரண மண்டலம். அதைப் பாடியே நான்கு பிள்ளைகள் தேறினார்கள் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள், முக்கியமாக அவன்.

பிறகு வேதியியல் வந்தது. தனிமங்களை வரிசையாகச் சொல்லும் பாட்டு. பதினோரு மெட்டுகளை மேலாளர் அம்மா திருப்பி அனுப்பினார்.

"ட்யூன் சார், காதுல நிக்குது. மண்டைல நிக்கல. உள்ள போயி நாற்காலி போட்டு உக்காரணும், புரியுதா?"

பன்னிரண்டாவதுக்கு அவனிடம் சரக்கு இல்லை. கீபோர்டின் முன்னால் காலி மண்டையோடு உட்கார்ந்திருந்தபோது விரல்கள் தாமாகவே எதையோ வாசித்தன. மேலாளர் அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"இது! இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"வீட்டுல."

அவர் சிரித்தார். "கடைசில தொங்குது பாருங்க, அதை முடிச்சு வைங்க. அப்புறம் குழந்தைக் குரலா இருந்தா நல்லா ஒட்டும்."

சொந்த வீட்டிலேயே திருடுகிறவனுக்குப் பூட்டு உடைக்கும் சிரமம்கூட இல்லை. அந்தச் சனிக்கிழமை மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஒலிப்பதிவு அறைக்குக் கூட்டிப்போனான். அவள் காதைவிடப் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டான்.

"அப்பா, இது அம்மாவோடது."

"அம்மாவோடதுதான் கண்ணு. இனிமே எல்லாரும் கேப்பாங்க. நல்லதுதானே?"

மூன்றாவது டேக்கிலும் அதையே சொன்னாள். ஆறாவதில் கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் நின்றாள். "முடிச்சிடு செல்லம், இன்னொரு தடவை" என்றான். ஒன்பதாவதுக்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. பதினேழாவது டேக் பிசிறில்லாமல் வந்தது. ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தான். ரொம்ப நல்ல அப்பா.

பாட்டு மையத்தில் ஓடத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முப்பது பிள்ளைகள், ஒரு பிழை கிடையாது. மேலாளர் அம்மா அவனுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்தார். ஒரே ஒரு அம்மா மட்டும் போன் செய்தாள். பையன் எல்லாத் தனிமத்தையும் கடகடவென்று சொல்கிறானாம், ஆனால் வீட்டு நாயின் பெயரை மறந்துவிட்டானாம். ஐந்து வருடமாக அவன் காலடியில் தூங்குகிற நாய்.

"நாய் பேரு பரீட்சைல வராதும்மா" என்று சொல்லி மேலாளர் அம்மா போனை வைத்தார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். கொஞ்சம் சத்தமாகவே.

இப்போது கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். சன்னல் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் தரையில் கிடந்தது. மகள் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள்.

"கண்ணு, அம்மா பாடுவாளே, அதைப் பாடேன்."

"ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்..."

"அது அப்பா பாட்டு. அம்மாவோடது வேணும். வார்த்தை இல்லாம."

அவள் வாயை மூடிக்கொண்டு முனகிப் பார்த்தாள். உதடு மூடியிருந்தது, உள்ளே நாக்கு அசைவது கன்னத்தில் தெரிந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ சாமான்களை நகர்த்துவது போல, அந்த முனகலுக்குள் வார்த்தைகள் புரண்டன.

"அம்மா கை எப்படி இருக்கும், சொல்லு."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், புருவம் சுருங்கியது.

"கை பாட்டுல எங்கப்பா வரும்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். எந்தச் சாவுவீட்டிலும் அவனுக்கு ஒரு ஜோக் தோன்றும், இப்போது தோன்றவில்லை. சரி, மருந்து கையில் இருக்கிறது, எதற்குப் பயம்? பழைய போனைத் தேடி எடுத்தான். அதில் நாற்பத்தோரு வினாடி இருக்கிறது. ஒருநாள் மனைவிக்குத் தெரியாமல் வாசலில் நின்று பதிவு செய்தது. மின்விசிறியின் கிறீச் சத்தம், குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம், அதன் மேல் மனைவியின் முனகல், கடைசியில் கிசுகிசுப்பாக, "தூங்கிட்டா." அசலைக் கேட்டால் நகல் உதிர்ந்துவிடும். ஒரு மெட்டு ஒரு மண்டைக்குள் இரண்டு குடித்தனம் நடத்தாது.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டான்.

மின்விசிறி கிறீச்சிட்டது. வாளியில் தண்ணீர் விழுந்தது. மனைவி முனகத் தொடங்கினாள், அந்தத் தூக்கம் தோய்ந்த, லேசாகக் கரகரத்த குரல்.

ஹைட்ரஜன், ஹீலியம்.

நிறுத்தினான். பதறாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இது பழக்கம்தான். தெரிந்த மெட்டு கேட்டால் மூளை தெரிந்த வார்த்தையைத் தானே நிரப்பிக்கொள்ளும். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் படம் போட்டு விளக்கியவனே அவன்தான். கைதட்டினார்கள்.

மறுபடி போட்டான். இந்த முறை காதோடு ஒட்டிவைத்து. மின்விசிறி இருந்தது. வாளி இருந்தது. மனைவியின் மூச்சுகூட இருந்தது. அந்த மூச்சை இழுத்து, உதட்டைப் பிரித்து, தெளிவாக, அவள் வாழ்நாளில் ஒருநாளும் உச்சரிக்காத வார்த்தைகளைச் சொன்னாள். போரான். கார்பன். நைட்ரஜன்.

மூன்றாவது முறை. கடைசி வினாடிகளுக்காகக் காத்திருந்தான். அந்த 'தூங்கிட்டா' போதும். அது ஒன்று போதும்.

முப்பத்தொன்பது. நாற்பது.

கடைசி ஸ்வரம் வந்து உட்கார்ந்தது.

கிசுகிசுப்பு இல்லை.

நாற்பத்தொன்று. எண் நின்றது. திரை அணைந்தது. பாட்டு நிற்கவில்லை.

சோடியம், மெக்னீசியம், அலுமினியம்.

போனைத் திருப்பிப் பார்த்தான். ஒலிபெருக்கியை விரலால் அடைத்தான். நிற்கவில்லை. பிறகு அந்த விரலைத் தன் உதட்டில் வைத்தான்.

உதடு அசைந்துகொண்டிருந்தது.

பல்லைக் கடித்தான். நின்றது. மகள் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். சிலிக்கான், பாஸ்பரஸ். மேல் வீட்டில் ஏதோ ஒரு பிள்ளை அதே இடத்தில் சேர்ந்துகொண்டது. எதிர் வீட்டிலிருந்து இன்னொன்று. தெருவில் சைக்கிளில் போகிற ஒன்று. எல்லாம் ஒரே சுருதி. எல்லாம் மகள் குரலைக் கேட்டுப் படித்தவை.

முகம். முகமாவது வேண்டும்.

அலமாரியைத் திறந்தான். மேல் தட்டில் இருந்த படக் கவரை இழுத்ததில் எல்லாம் தரையில் கொட்டின. ஒன்றை எடுத்து மகளின் முன்னால் நீட்டினான். ஒரு பெண், ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டே, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிச் சிரிக்கிறாள்.

"இது யாருப்பா?" என்றாள் மகள்.

அவன் வாயைத் திறந்தான். இரண்டே வார்த்தை. உன் அம்மா.

"குளோரின்" என்றான். "ஆர்கான்."

மறுபடி. கண்ணில் நீர் கட்டியது, நாக்கைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான்.

"பொட்டாசியம்."

மகள் தலையசைத்தாள். சரியான பதில்தான். படத்தை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்தாள், மையத்தில் பதில் சொல்லி முடிந்த அட்டையைக் கவிழ்ப்பது போல. அடுத்ததை எடுத்தாள். கவிழ்த்தாள். அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விளக்கைப் போட யாரும் எழவில்லை.

கடைசிப் படத்தை மகள் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அதில் தொப்பை வைத்த ஒருவன் எதையோ சொல்லித் தானே சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தோளில் ஒரு சின்னப் பெண், அவன் முடியைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் இனி விழவே மாட்டோம் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

நல்ல மனிதர்கள்போல இருந்தது. யாரோ.