பின்படியில் நனைந்தவர்கள்

பதுளை பஸ் நிலையத்தில் பிடித்த மழை, ஹாலிஎலைப் பக்கம் தொடர்மாடிக் குடியிருப்பு வாசலில் கம்சலா இறங்கும்வரை விடவேயில்லை. குடை ஒரு பக்கம் மடங்கி, முடி நெற்றியில் ஒட்டி... வீட்டுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் கட்டடத்தின் பின்புறம் யாரோ நிற்பதைப் பார்த்தாள்.

கூரையில்லாத படிக்கட்டின் நடுவில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மரக்கறிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண். சேலை முழுக்க நனைந்து... மூச்சு வாங்கி...

அம்மா.

"இங்க ஏம்மா நிக்கிற? லிப்ட் வேலை செய்யலையா?"

ராசம்மா மகளைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். "முன்னால ஒரு தம்பி நின்னாரு. வீட்டு வேலைக்கு வர்றவங்க பின்படியில போகணும்னு சொன்னாரு. சரின்னு வந்துட்டேன்."

"நாங்க இங்க குடியிருக்கோம்னு நீ சொல்லலையா?"

"தன்மையாத்தாம்மா சொன்னாரு. அவர்கிட்ட போயி என்னத்த பேச..."

கம்சலாவுக்குக் காது சுட்டது. பூனாகலை மலையில் ஆயுசு முழுக்க மழையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள் அம்மா. இனி ஒரு துளி மழைகூட அவள் தலையில் விழக்கூடாது என்றுதான், பதுளையில் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்ததும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து அறையிலிருந்து அவளை அழைத்து வந்து இந்த மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடிவைத்தாள். 'கொழும்பு வாழ்க்கை, இனி ஊவா மாகாணத்திலும்' என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். அந்த வாசலில்தான் அம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அம்மாவைக் கைத்தாங்கலாக முன்பக்கம் கூட்டி வந்தாள். லிப்ட் அருகே உயரமாக ஒருவன் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். அவன் நிமிர்ந்தபோது... மழைக்கு நடுவில் திடீரென வெயில் அடித்தது போல இரண்டு கண்கள். வேறொரு நாளாக இருந்தால் கம்சலா அந்தக் கண்களைத் திரும்பிப் பார்த்திருப்பாள்.

"எங்கம்மாவ பின்னால போகச் சொன்னது நீங்களா?"

அவன் ராசம்மாவைப் பார்த்தான். கம்சலாவைப் பார்த்தான். முகம் வெளுத்தது. "நான்... நான் வேலைக்கு வந்தவங்கன்னு நெனச்சு..."

"எத வச்சு நெனச்சீங்க? சேலைய வச்சா? நிறத்த வச்சா?"

"அய்யோ, அப்பிடியில்ல மிஸ். ரூல் ஒன்னு இருக்கு. அதத்தான்..."

"இந்த மழையிலயும் உங்களுக்கு ரூல்தான் ஞாபகம் வந்துச்சு. நல்லா இருங்க."

லிப்ட் கதவு மூடும்போதும் அவன் அதே இடத்தில் நின்றான். கதவின் இடுக்கில் அந்தக் கண்கள் ஒருகணம் தெரிந்தன. சே, என்ன கண்கள்... கம்சலா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மாலை கதவு தட்டப்பட்டது. அவன்தான். பெயர் இந்திரஜித். மேல் மாடியில் குடியிருப்பவன். பதுளை பஜாரில் குடும்பத்துக்குச் சொந்தமாகப் புடவைக்கடை. அவன் அம்மா விசாலாட்சிதான் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவி.

"உள்ள வாங்கய்யா," என்றாள் ராசம்மா.

"ஐயான்னு கூப்பிடாதம்மா," என்றாள் கம்சலா பல்லைக் கடித்து.

அவன் உட்காரவில்லை. "அம்மா, நேத்து நான் செஞ்சது தப்பு. நீங்க இந்த வீட்டுக்காரங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?" கம்சலா குறுக்கே வந்தாள். "அப்ப எங்கம்மா உண்மையிலயே வேலைக்கு வந்தவங்களா இருந்தா அந்த மழையில நனையலாம்... அப்பிடித்தானே?"

அவன் ராசம்மாவின் பக்கம் திரும்பினான்.

"அதுக்குப் பதில் கண்டுபிடிச்சிட்டு வாங்க. அப்ப மன்னிப்ப பத்திப் பேசலாம்."

ராசம்மா ஊற்றிய தேநீரை நின்றபடியே குடித்தான். போகும்போது வாசலில் திரும்பி, "இவ்வளவு கோவத்தோட யாரும் எனக்கு டீ தந்ததில்ல," என்றான்.

"நான் தரல. எங்கம்மா தந்தாங்க."

அவன் சிரித்துவிட்டான். கதவைச் சாத்திய பிறகுதான், தன் உதடும் லேசாக வளைந்திருப்பதை உணர்ந்தாள் கம்சலா. உடனே தன் மேலேயே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கீழ்த்தளத்து மண்டபம் நிறைந்திருந்தது. கம்சலா எழுந்து நின்றாள். மண்டபத்தின் கோடியில் இந்திரஜித் நிற்பதைக் கண்டதும் ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது. அவன் பேசுவான்... இன்றைக்கு அவன் பேசாமல் இருக்க மாட்டான்.

"வேலைக்கு வர்றவங்களுக்குப் பின்படிங்கிற ரூல எடுக்கணும். அந்தப் படிக்குக் கூரை இல்ல, வெளிச்சம் இல்ல. பாசி பிடிச்சு வழுக்குது. நம்ம வீட்டுல சமைச்சுப் போடுறவங்க, நம்ம பிள்ளைகளத் தூக்கி வளக்குறவங்க, நம்மோட லிப்ட்டுல நிக்கக்கூடாதா?"

விசாலாட்சி பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கொழும்புல எல்லா தொடர்மாடியிலயும் இப்பிடித்தான் மகள். ஒரு தரம் இருக்கணும் இல்லையா? எஸ்டேட் லயத்துல சண்டை போடுற மாதிரி இங்க வந்து போடக்கூடாது."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். ராசம்மா தலை குனிந்தாள்.

கம்சலா கோடியைப் பார்த்தாள். இந்திரஜித் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அவன் பேசவில்லை.

அந்தச் சிரிப்பை அவள் தாங்கிக்கொண்டாள். அவன் மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. யார் அவன்? நேற்று முளைத்தவன். அவன் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன... ஆனாலும் நெஞ்சுக்குள் எதுவோ அறுந்தது போல இருந்தது.

அடுத்த நாளே ராசம்மா துணிகளை மடித்தாள். "எனக்காக நீ ஊரோட சண்டை பிடிக்க வேணாம். கொஞ்ச நாளைக்குப் பூனாகலையில தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வர்றேன்."

"போகாதம்மா."

"அந்த லிப்ட்டுல ஏறுறப்ப எல்லாம் யாரும் ஏதும் சொல்லுவாங்களோன்னு இருக்கு. எனக்கு அது வேணாம்மா."

அம்மா போன வீட்டில் கம்சலாவால் உட்கார முடியவில்லை. எல்லோரும் போக முடியாத லிப்ட்டில் தானும் போவதில்லை என்று முடிவெடுத்தாள். தினமும் பின்படியில் ஏறினாள், பின்படியில் இறங்கினாள். விசாலாட்சி வீட்டில் சமைக்க வரும் பாக்கியலெட்சுமி அவளுக்குத் துணையானாள். "உங்களுக்கு எதுக்கு மிஸ் இந்தப் பாடு?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள். கேட்டுக்கொண்டே வழுக்கும் இடங்களில் கையை நீட்டினாள்.

ஒருநாள் காலை, படியின் வளைவில் இந்திரஜித் நின்றான். தலை நனைந்திருந்தது.

"வழி தப்பிட்டீங்க," என்றாள் கம்சலா. "இது வேலைக்குப் போறவங்க படி."

"நானும் வேலைக்குத்தானே போறேன்."

"கடைக்கு முதலாளியாப் போறது வேலை இல்ல."

"கடையில எங்கம்மா வாயால ஒருநாள் ஏச்சு வாங்கிப் பாருங்க. அது வேலையா இல்லையான்னு தெரியும்."

பாக்கியலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கம்சலாவுக்கும் சிரிப்பு வந்தது... ஆனால் விடவில்லை. நின்று, அவன் கண்களை நேராகப் பார்த்தாள். இமையோரத்தில் ஒரு மழைத்துளி தொங்கியது.

"கூட்டத்துல வாய் திறக்கல. இங்க வந்து நனையிறதுக்கு மட்டும் தைரியம் இருக்கு. நீங்க நனைஞ்சா யாருக்கு என்ன லாபம்? பாக்கியம் அக்காவுக்குக் கூரை வந்துடுமா?"

அவன் முகத்தில் இருந்த விளையாட்டு மறைந்தது. "நீங்க சொல்றது சரி," என்றான் மெதுவாக. அவ்வளவுதான். அவளுக்கு வழி விட்டு விலகி நின்றான்.

அந்த வாரமே அது நடந்தது. வேலை முடிந்து வந்த கம்சலா முன்பக்கம் ஆட்கள் கூடி நிற்பதைக் கண்டு நின்றாள். லிப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே விசாலாட்சி. வாசலில் இரண்டு கையிலும் சாமான் பைகளோடு இந்திரஜித். அவன் பக்கத்தில், சுவரோடு சுவராக ஒடுங்கியபடி பாக்கியலெட்சுமி. அவள் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"பின்படியில வழுக்கி விழுந்துட்டாங்கம்மா," என்றான் அவன். "நம்ம வீட்டுச் சாமானத் தூக்கிட்டு வந்துதான் விழுந்தாங்க. ஏறுங்க அக்கா."

"இந்திரா, எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். நானும் அவங்களும் உங்களோட ஒன்னா மேல வர்றோம். இல்லன்னா மூணு பேரும் பின்னால படியில போவோம். நீங்களும் வாங்க, அது எப்பிடி இருக்குன்னு பாருங்க."

விசாலாட்சியின் உதடு துடித்தது. "அந்த எஸ்டேட் பொண்ணு சொல்லித்தானே ஆடுற?"

"ஆமாம்மா. அவங்க சொல்லித்தான். நானா யோசிச்சிருக்கணும். இத்தன வருசமா பாக்கியம் அக்கா கையால சாப்பிட்டிருக்கேன், யோசிக்கல. அதுதான் எனக்கு வெக்கமா இருக்கு."

விசாலாட்சி பாக்கியலெட்சுமியின் முழங்கையைப் பார்த்தாள். ஓரமாக ஒதுங்கி இடம் விட்டாள். அது சம்மதம் இல்லை. மகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் கதவு மூன்று பேரோடும் மூடியது.

பிறகு நடந்த கூட்டத்தில் அந்த ரூல் நீக்கப்பட்டது. விசாலாட்சி அதற்கு வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துவரப் புறப்பட்டாள் கம்சலா. பண்டாரவளையில் பூனாகலை பஸ்ஸில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலோரம் இந்திரஜித்.

"உங்கள யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. உங்கம்மாகிட்ட ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கு. அவங்க இருக்கிற இடத்த பாக்கியம் அக்காகிட்ட கேட்டேன். நீங்க வர்ற பஸ்னு தெரியாது... தெரிஞ்சிருந்தா நல்ல சட்டை போட்டிருப்பேன்."

அவள் எதிர்ப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவனும்தான்...

பூனாகலையில் தங்கை வீட்டு வாசலில் ராசம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்திரஜித் அவள் முன்னால் போய் நின்றான்.

"அம்மா, நீங்க யாரா இருந்தாலும் அன்னைக்கு நான் உங்கள மழையில அனுப்பியிருக்கக் கூடாது. அதுக்குத்தான் மன்னிப்பு."

ராசம்மா கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். அவனை நன்றாகப் பார்த்தாள். "எனக்கும் அன்னைக்குக் கோவம் வந்துச்சு தம்பி. ரொம்ப வந்துச்சு. மக சண்டைக்குப் போயிருவான்னுதான் காட்டிக்கல." பெருமூச்சு விட்டாள். "இப்ப சொல்லிட்டேன். மனசு லேசாயிருச்சு. சோறு சாப்பிட்டுப் போகலாம், இருங்க."

கம்சலா அம்மாவையே பார்த்தாள். அம்மாவின் வாயிலிருந்து 'கோவம்' என்ற வார்த்தையை அவள் கேட்டதேயில்லை.

சோறு வேகும்வரை இருவரும் தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் நடந்தார்கள். மலையை மூடிய பனி மெல்ல விலகியது. சன்னமாக ஒரு தூறல்...

"உங்கம்மா பேசுறாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. கடையில ஆள் வச்சுத்தான் சொல்லி அனுப்புறாங்க. பேசுவாங்க... நாளாகும். அவங்க பேசணுங்கிறதுக்காக நான் மாத்திப் பேச மாட்டேன்."

பாதையில் நீண்டிருந்த ஒரு தேயிலைக் கிளையை அவன் அவளுக்காக விலக்கிப் பிடித்தான்.

"உங்களுக்கு இன்னும் என் மேல கோவமா?" என்றான்.

"ஆமா." அவள் நின்றாள். "அன்னைக்கு மண்டபத்துல அத்தன பேர் சும்மா இருந்தாங்க. அவங்க ஒருத்தர் மேலயும் எனக்கு இவ்வளவு கோவம் வரல. உங்க மேல மட்டும் வந்துச்சு. தூக்கம் வராத அளவுக்கு... ஏன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

அவன் அவள் பக்கம் ஓரடி வந்தான்.

"உங்களப் பிடிச்சிருக்கு. அதுதான் என் கோவமே."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் கொதித்தது. பின்னால் சத்தமே இல்லை. பொறுத்துப் பார்த்தவள் மறுபடியும் திரும்பினாள்.

"இப்பவும் பேசாம நின்னா நான் அடுத்த பஸ்ல ஏறிப் போயிருவேன்."

"முதல் நாள், லிப்ட் கதவு மூடினப்பவே பிடிச்சிருச்சு கம்சலா," என்றான் அவன். "சொல்றதுக்கு நான் தகுதியான ஆளா இல்ல. இப்பவும் முழுசா இல்ல. ஆனா சொல்றேன்... உங்க பக்கத்துல நின்னு வாழணும்னு ஆசையா இருக்கு."

தூறல் வலுத்தது. கம்சலா தன் குடையை விரித்தாள். அவனைப் பார்க்காமலே, அதை அவன் தலைக்கும் சேர்த்து உயர்த்திப் பிடித்தாள்.