பழைய போர்டில் புது கார்டு

உறையைப் பிரித்துக் கையில் எடுத்தபோது கிராபிக்ஸ் கார்டு சூடாக இருந்தது.

கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காலையிலிருந்து விடாத மழை. அட்டைப்பெட்டியின் மூலைகளெல்லாம் நனைந்து ஊறிக் கிடந்தன. உள்ளே இருந்த கார்டு மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டிலிருந்தபடியே கட்டடப் படம் போடுகிறவள் அவள். கட்டப்போகும் வீடு கட்டி முடித்தபின் எப்படி இருக்குமோ, அப்படியே கணினியில் காட்ட வேண்டும். பத்து வருடத்துக் கணினி ஒரு படத்துக்கு மூன்று மணிநேரம் முக்கி முனகியது. படம் சீக்கிரம் வரத்தான் இந்தக் கார்டு. நாளைக்குள் பன்னிரண்டு படம் போகாவிட்டால் இன்ஜினியர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். கணவன் வேலைக்குப் போயிருந்தான். நாலு வயது மகள் சிட்டு உள்ளறையில் மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் பழைய தூசியும் காய்ந்த இரும்புமாக ஒரு வாடை முகத்தில் அடித்தது. பழைய கார்டைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். புதியது நீளம், ஹார்ட் டிஸ்க்கை மேல் தட்டுக்கு நகர்த்தி இடம் பண்ணினாள். போர்டில் கார்டுக்கென்று இருந்த ஸ்லாட்டில் வைத்தாள். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, உள்ளிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போய் 'டக்'கென்று உட்கார்ந்தது.

கார்டின் விளிம்பில் எட்டு பின் மின்சாரக் கேபிளுக்கான துளைகள் இருந்தன. இவளுடைய பழைய பவர் சப்ளையில் அப்படி ஒரு கேபிளே இல்லை. சும்மா பார்க்கலாம் என்று ஸ்விட்சைப் போட்டாள். விசிறிகள் சுழன்றன. திரை பளிச்சென்று வந்தது.

சந்தோஷம் தாங்கவில்லை. பழகுவதற்காக அளவெடுத்து வரைந்து வைத்திருந்த தன் வீட்டையே திறந்து, படமாக்கும் பட்டனை அழுத்தினாள். அப்படியே கடைக்காரருக்கு போன் போட்டாள்.

"அண்ணே, எட்டு பின் கேபிள் நம்மகிட்ட இல்லையே, பரவாயில்லையா?"

"கன்வெர்ட்டர் தர்றேம்மா, நாளைக்கு வந்து வாங்கிக்க. அதுவரைக்கும் டிஸ்ப்ளே வராது."

"வந்துடுச்சே அண்ணே. ஓடுது."



"எப்படிம்மா ஓடும்? அதுக்குக் கரண்டே போகலையே. பழைய கார்டுல மானிட்டர் கேபிளை மாட்டியிருப்பே, நல்லா பாரு." சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பழைய கார்டு மேசை ஓரத்தில் கிடந்தது.

திரையில் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கூரை. மின்விசிறி. திரைச்சீலையின் மேல் விளிம்பு. அப்புறம், கூடத்தின் நடுவே, கறுப்பாக ஏதோ. நிழல் கணக்குத் தப்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். இன்னும் நாலு கோடு இறங்கியதும் அது தலைமுடி என்று தெரிந்தது. ஈரமான முடி. முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ நின்றிருந்தார்கள்.

இந்த வரைபடத்தில் அவள் மனிதர் யாரையும் வரைந்ததில்லை.

திரும்பிப் பார்த்தாள். கூடம் காலியாக இருந்தது. மழைச் சத்தம் மட்டும்.

அடுத்த படம் தானாகத் தொடங்கியது. இப்போது அந்த முதுகு உள்ளறை வாசலில் இருந்தது.

ஸ்விட்சை அணைத்தாள். படம் இறங்கியது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மானிட்டரின் பிளக்கையும் பிடுங்கினாள். படம் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது. உள்ளறை. கட்டில். கட்டிலில் சுருண்டு படுத்திருக்கும் குழந்தை. குனிந்திருக்கும் முதுகு.

ஓடினாள்.

அறையில் யாரும் இல்லை. சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை கண் திறக்காமலே முனகினாள்.

"வலிக்குதும்மா. ஏன் ரெண்டு பேரு தூக்குறீங்க?"

கத்த வாய் திறந்தாள். வெளியே போய்விட வேண்டும். கூடத்தைத் தாண்டினால் வாசல். பத்து எட்டுதான். கால் மேசையருகே நின்றுவிட்டது. பார்க்கக் கூடாது. பார்த்தாள்.

நான்காவது படம். கூடம். அவளுடைய தலை. அவளுடைய கண்கள். திறந்த வாய். கோடு இறங்கியது. தோள். தோளில் ஒன்றுமில்லை. மார்போடு சேர்த்து இறுக்கிய இரண்டு கைகள். கைகளுக்குள் ஒன்றுமில்லை.

"சிட்டு," என்றாள். "சிட்டு, அம்மாவைப் பிடிச்சுக்கோ. கெட்டியா பிடிச்சுக்கோம்மா."

கழுத்தைச் சுற்றியிருந்த சின்ன விரல்கள் இறுகின. பிறகு ஒவ்வொன்றாக விலகத் தொடங்கின. யாரோ பிரித்தெடுக்கிறார்கள். பொறுமையாக. வலிக்காமல்.

அவள் இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். கையில் கனம் குறைந்துகொண்டே வந்தது.