நாற்பத்தோராவது கதை

டெலிபோன் அலறியது.

காலை எட்டேகால். பல்கலைக்கழகத் தகவல் பிரிவில் அப்போது வதனி மட்டும்தான். எடுத்தாள்.

"பிள்ள... கேட்டடிக் காவலாளி கதைக்கிறன். நம்மட டிரைவர் நல்லரத்தினம் வாவிக்குள்ள மிதக்கிறார்!"

ரிசீவரை வைத்தாள். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. மேசையில் கிடந்த ஃபைலைப் பார்த்தாள்.

'ஊழியர் கதைகள்.' ஆண்டு விழா மலருக்காக அவள் சேகரித்தவை. நாற்பத்தோராவது கதை நல்லரத்தினத்துடையது.

ஃபைலை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வாவிக்கரையில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மர்சூக் குந்தியிருந்து பொக்கற்றைத் துழாவினார். ஒரு பேனை. வாகனம் ஓடிய விவரம் எழுதும் ரன்னிங் சார்ட். மை கரைந்து வெறும் நீலத் தண்ணீர். பிறகு ஒரு கடிதம். பென்சில் எழுத்து. ஓர் எழுத்துக்கூட அழியவில்லை!

"'அந்த மாணவன் செத்தது என்னாலதான். நானும் போறன்.' தற்கொலைதான் தங்கச்சி" என்றார் மர்சூக், வாசித்து முடித்து.

"இல்ல சேர்."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க."

"நான்தான் சேர் அவரச் சாகக் குடுத்தன்."

மர்சூக் விருட்டென்று நிமிர்ந்தார்!

"என்ன சொல்றீங்க?"

வதனியின் குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை.

"போன வருசம் ஃபீல்ட் ட்ரிப்பில ஒரு பொடியன் வாவிக்குள்ள மூழ்கிச் செத்தவன். விலங்கியல் கலாநிதி வினோஜன் சேர் குதிச்சுத் தேடினதெண்டு பாராட்டுக் கடிதமெல்லாம் குடுத்தாங்க. ஆனா டிரைவர் சொன்ன கதை வேற."

"என்ன கதை?"

"'சேர் வேனுக்குள்ள ஏசியப் போட்டிட்டு நித்திர. குதிச்சது நான். பிடிக்க ஏலாமப் போச்சு பிள்ள. அவன்ட தாய்க்கு உண்மை தெரியோணும்' எண்டார்."

"இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

"கதையில ஆரிட பேர் வந்தாலும் அவங்களுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கிறது எங்கட வழக்கம். நேத்துப் பின்னேரம் வினோஜன் சேருக்குக் காட்டினன். 'நாளைக்கு வைக்கிறன், டிரைவரோட நானே கதைக்கிறன்' எண்டார்."

மர்சூக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். தண்ணீரில் ஊறியும் நைந்துபோகாத தடித்த கடதாசி. மேல் விளிம்பு கோணலாகக் கிழிந்திருந்தது.

"தற்கொலையெண்டு நீங்க எழுதினா, பழி முழுக்க டிரைவரிட தலையிலதான் சேர்."

"வாங்க தங்கச்சி. அந்தக் கலாநிதியப் பார்ப்பம்."

விலங்கியல் ஆய்வுகூடம். வரிசை வரிசையாகப் போத்தல்கள். உள்ளே செத்த மீன்கள்... ஒவ்வொன்றோடும் பெயர் எழுதிய ஒரு கடதாசித் துண்டு!

"பாவம் நல்லரத்தினம்" என்றார் வினோஜன். சலவைச் சட்டை கசங்கவில்லை. பொறுப்பான மனிதர்! "மனச்சாட்சி உறுத்தியிருக்கும் இன்ஸ்பெக்டர்."

"இரிக்கும் சேர். அது கிடக்கட்டும்... இந்தக் கடதாசியெல்லாம் தண்ணிக்குள்ளதானே கிடக்குது? எழுத்து அழியாதா?"

வினோஜனின் முகம் மலர்ந்தது. பாடம் எடுக்கக் கிடைத்தால் விடுவாரா?

"மை கரையும். பென்சில் கரையாது! முதலாம் வருசத்துக்கு நான் சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே அதுதான். கடதாசியும் விசேசமானது. நைஞ்சு போகாது."

"இந்தக் கொப்பிதானா?"

மேசையில் கிடந்த, போத்தல்களுக்கு லேபல் எழுதும் கொப்பியைத் திறந்தார் மர்சூக். கடைசித் தாள் கோணலாகக் கிழிக்கப்பட்டிருந்தது. கடிதத்தை மெல்ல அதன்மேல் பொருத்தினார்.

பொருந்தியது!

வினோஜன் கொப்பியை இழுக்கப் பார்த்தார். "இ... இது..."

"பொக்கற்றில பேனையோட இருந்த மனிசன், சாகிற நேரத்தில பென்சில் தேடித் திரிஞ்சாராம்! கடிதம் தண்ணிக்குள்ள போகும், அழியக்கூடாதெண்டு கவலைப்பட்ட ஆள் எழுதினது சேர் இது."

மீன்கள் மட்டும் வினோஜனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் நாற்காலியில் சரிந்தார்.

"மிரட்டத்தான் நினைச்சன்... தள்ளுப்பட்டிட்டார்..."

"தள்ளுப்பட்ட மனிசனுக்கு முதலே கடிதம் எழுதி வச்சிருந்தீங்களா?"



வதனி ஃபைலைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். இப்போதும் அழுகை வரவில்லை. அந்தத் தாய் இதை வாசிப்பாள். அது போதும் என்றிருந்தது.

"நாற்பத்தோராவது கதை சேர். இண்டைக்கு அச்சுக்குப் போகுது. கையெழுத்து வைக்கிறனெண்டு சொன்னீங்க."

அவர் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்த பென்சிலைத் தேடியது.

மர்சூக் தன் பேனையை நீட்டினார்.

"இதால வைங்க சேர். இனி நீங்க தண்ணிப் பக்கமே போகப்போறதில்ல!"